எங்கள் வீட்டில் எதுக்களிப்பு என்று பெயர் வைத்த நோய்

என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது. நூல் விலை எதற்காக ஏறுகிறது, மூட்டுவலிக்கு எந்த எண்ணெய், யார் மகளை யாருக்குக் கொடுத்தால் நிலைக்கும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். நாம் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இருமினால் போதும், அவருடைய நுரையீரலைப் பற்றி அவருக்கே விளக்கத் தொடங்கிவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மச்சாண்டாரின் பிரசங்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரில் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறேன். வார்த்தையில் ஒரு "ங்க"கூட குறைந்ததில்லை. மனசுக்குள் என்ன வைத்திருக்கிறேன் என்பதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

திருப்பூர் மண்ணரையில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. கீழே கட்டிங், முதல் மாடியில் தையல், இரண்டாவது மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். என் கணவர் அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர். அப்படித்தான் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. அண்ணன் காலையில் சொன்னதைத் தையல்காரர்களிடம் மத்தியானம் சொல்வதும், தையல்காரர்கள் மத்தியானம் சொன்னதை அண்ணனிடம் சொல்லாமல் விடுவதும்தான் அவர் பார்க்கும் வேலை. நான் வேறொரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுவேன், சாம்பிள் அனுப்புவேன், அவர்கள் கழுத்துப்பட்டை அரை அங்குலம் குறைகிறது என்று திட்டினால் நன்றி சொல்வேன். இதனால் என் இங்கிலீஷுக்கு எங்கள் குடும்பத்தில் "ஆபீஸ் இங்கிலீஷ்" என்று பெயர். அப்படிச் சொல்லும்போது மச்சாண்டார் லேசாகச் சிரிப்பார்.

என் கணவரின் தலை ஆடத் தொடங்கியது எப்போது என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் காலை தோசைக்கு முன்னால் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தலை மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. பாட்டுக் கேட்பவர் தாளம் போடுவதுபோல, ஒரே சீராக. பாட்டு ஒன்றும் இல்லை. "ஏனுங்க, தல ஆடுதுங்களே" என்றேன். "எங்க ஆடுது?" என்று கேட்டார். கேட்கும்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கம்பெனியில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை. அண்ணன் பேசும்போது தம்பி தலையாட்டுவது அந்தக் கட்டடத்தில் மின்விசிறி சுற்றுவதுபோல. மீட்டிங்கில் யாராவது மறுப்புச் சொன்னால், "பாரு, தம்பியே தலையாட்டறான்" என்று மச்சாண்டார் சாட்சிக்குக் கைகாட்டுவாராம். தம்பியின் இதயம் ரத்தத்தை மேலே அடித்த அடியில் ஆடிய தலை அது. அதைக்கூடத் தனக்குக் கிடைத்த சம்மதம் என்று எடுத்துக்கொண்ட மனிதரைப் பற்றி நான் இதற்கு மேல் என்ன சொல்ல?

வேறு அறிகுறிகளும் இருந்தன. படியேறும்போது நடுவில் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். போனில் ஒன்றும் வந்திருக்காது, மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரிய கொஞ்ச காலம் ஆனது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் கட்டிலே அதிரும். கழுத்து நரம்பு சட்டைக் காலருக்கு மேலே துள்ளுவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். டாக்டரிடம் போகலாம் என்றால், "வயசாகுதில்ல அம்மணி" என்பார். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அண்ணனிடம் சொன்னதற்கு அவர் தன் சிநேகிதரான மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பிரஷர் பார்க்கச் சொன்னார். மேலே நூற்றெழுபது, கீழே நாற்பது. கடைக்காரருக்கு மேலே இருக்கும் எண் மட்டும்தான் கண்ணில் பட்டது. பிரஷர் மாத்திரை ஒரு அட்டை கொடுத்து அனுப்பினார். அவ்வளவு உயர்ந்த மேல் எண்ணுக்குக் கீழே அவ்வளவு தாழ்ந்த எண் ஏன் வந்தது என்று கேட்க அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை.

நோய் வெளிப்பட்டது ஒரு போட்டோவினால். துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரப்போகிறது என்று கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். தொழிலாளர்களின் ஆரோக்கியத்தில் முதலாளிக்கு அக்கறை இருக்கிறது என்று காட்டப் பேனர், ரிப்பன், பிஸ்கட், போட்டோ. அந்த அக்கறை போட்டோகிராபர் போகிறவரை இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து சின்ன வயது டாக்டர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். முதல் போட்டோவுக்கு என் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் மச்சாண்டார் கைகட்டி நின்றிருக்கிறார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். போட்டோ எடுத்தாயிற்று. டாக்டர் குழாயை எடுக்கவில்லை. முன்னால் குனிந்து உட்காரச் சொன்னார். மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்துக் கையை மேலே தூக்கினார். விரல் நகத்தை அழுத்தி, சிவப்பும் வெளுப்புமாக அது மாறுவதை உற்றுப் பார்த்தார்.

"டாக்டரு, போட்டோ ஆச்சுங்க. அடுத்த ஆளப் பாக்கலாமுங்க" என்றிருக்கிறார் மச்சாண்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாராம் டாக்டர்.

அந்தக் கம்பெனியில் அந்த வாக்கியத்தை அவரிடம் சொன்ன முதல் ஆள் அந்தப் பையனாகத்தான் இருக்க வேண்டும். இதை என் கணவர் எனக்குச் சொன்னபோது, நோயைவிட அந்த வாக்கியத்தைத்தான் பயந்துபோய்ச் சொன்னார்.

எக்கோ எடுக்கச் சொல்லியிருந்தார். திருப்பூரிலேயே எடுத்தோம். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: சிவியர் அயோட்டிக் ரிகர்ஜிடேஷன். ஸ்கேன் எடுத்தவர் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எந்த டாக்டர் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், என் கணவர் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

மச்சாண்டார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ரிப்போர்ட்டை ஒரு பாலிஸ்டர் நூல் சாம்பிளைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போனில் இருந்த அகராதியில் அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டித் தட்டினார். முகம் மலர்ந்தது.

"எதுக்களித்தல்" என்று படித்தார். "அட, இவ்வளவுதானா! கேஸுடா இது. வயித்து வாயு மேல ஏறி அந்த அயோட்டிக் கொழாயில போய் முட்டுது. அதுதான் படி ஏறுனா மூச்சு வாங்குது."

"மாமா, இது ஹார்ட்டு ஸ்கேனுங்க. வயித்து ஸ்கேன் இல்லீங்க" என்றேன்.

"அம்மணி, உன்ற ஆபீஸ் இங்கிலீஷ் வேற, டாக்டர் இங்கிலீஷ் வேற. ஏ புள்ள, தம்பிக்கு ஓமத்தண்ணி கொண்டா."

இரண்டாவது வாக்கியம் உள்ளே இருந்த என் ஓரகத்திக்கு, அதாவது அவர் மனைவிக்கு. ஓமத்தண்ணீர் வந்தது. என் கணவர் குடித்தார். குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டார். மச்சாண்டார் வெற்றியோடு என்னைப் பார்த்தார். ஒரு ஏப்பத்தில் இதய மருத்துவம் முடிந்துபோனது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. சின்னவனுக்கு எதுக்களிப்பு நோய். ஆளுக்கொரு போன். சுக்குக் கஷாயம் வை என்றார் ஒருவர். உருளைக்கிழங்கை நிறுத்து என்றார் இன்னொருவர். சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் அவர் மாமனாருக்குச் சரியாகிவிட்டது என்றார் மூன்றாவது ஆள். மாமனாருக்கு என்ன நோய் என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க, ஆனா செரியாயிருச்சு." என்னிடம் போனில் பேசிய ஒருவர்கூட அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. எல்லோரிடமும் மருந்து மட்டும் இருந்தது.

நான் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி வயிற்றைப் பற்றியதாக இல்லை. கோயம்புத்தூரில் பெரிய பெயருள்ள இதய டாக்டர் ஒருவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அரை நாள் லீவு போட்டுக் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் அறையிலேயே மறுபடியும் எக்கோ பார்த்தார். சீட்டில் எதையோ கிறுக்கினார். "வால்வு லீக்கும்மா. பாத்துக்கலாம்" என்றார். சீட்டில் "சிவியர் ஏ.ஐ." என்று இருந்தது. முதல் ரிப்போர்ட்டில் கடைசி வார்த்தை ஆரில் தொடங்கியது, இதில் ஐ என்று இருக்கிறதே என்று கேட்டேன்.

"நீங்க என்ன, டாக்டருக்குப் படிச்சீங்களா?" என்றார்.

"இல்லீங்க சார். படிச்சிருந்தா உங்களக் கேட்டிருக்க மாட்டேனுங்க."

அடுத்த நோயாளி உள்ளே வந்துகொண்டிருந்தார். எங்கள் நாற்காலிகள் ஆறுவதற்குள் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். என் மச்சாண்டார் ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்வார். இவர் எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்ல மாட்டார். இந்த இரண்டு பேரில் யாரை அதிகம் வெறுப்பது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்த மச்சாண்டார் புதுச் சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். "ஏ.ஐ.யா? ஓ, இப்ப அங்கெல்லாம் ஏ.ஐ. வந்துருச்சு. கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிப்போடும். ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்றார். "சிவியர்னா?" என்று என் கணவர் கேட்டார். "நெம்ப கடுமையா வேலை செய்யற கம்ப்யூட்டரு போலிருக்குது" என்றார் அண்ணன். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். சிரிப்பதற்கா அழுவதற்கா என்று எனக்கே தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அடுத்த முறை கோயம்புத்தூரிலேயே வேறொரு டாக்டரைப் பிடித்தேன். எங்கள் கம்பெனி அக்கவுன்ட்ஸில் இருக்கும் ஒரு பெண் தன் அம்மாவைக் காட்டியவர், ஒரு லேடி டாக்டர், பேச்சு தெற்கத்திப் பக்கம். இந்தத் தடவை மச்சாண்டாரும் கூட வந்தார். கார் அவருடையது. டாக்டரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதாம்.

உட்கார்ந்ததும் அவர்தான் தொடங்கினார். "தம்பிக்கு எதுக்களிப்புங்க, மேடம். கொஞ்சம் வாயுத் தொல்லை..."

டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு சொன்னா?"

"ரிப்போர்ட்டுலயே போட்டிருக்குதுங்களே. ரிகர்ஜிடேஷன்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "அந்த வார்த்தைக்குத் திரும்பி வர்றதுன்னுதான் அர்த்தம். வயித்துலருந்து சோறு திரும்பி வந்தாலும் அதே வார்த்தைதான். இதயத்துலருந்து போன ரத்தம் திரும்பி வந்தாலும் அதே வார்த்தைதான். இவருக்குத் திரும்பி வர்றது ரத்தம்." ஒரு காகிதத்தை எடுத்து வரைந்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் பெரிய குழாய் அயோட்டா. அதன் வாசலில் ஒரு கதவு, அதுதான் அயோட்டிக் வால்வு. இதயம் அழுத்தும்போது திறக்க வேண்டும், அழுத்தி முடித்ததும் இறுக மூடிக்கொள்ள வேண்டும். இவருடையது மூடவில்லை.

"அப்ப ஏ.ஐ.ன்னா என்னங்க மேடம்?" என்று கேட்டேன். மச்சாண்டார் பக்கம் திரும்பவில்லை.

"அயோட்டிக் இன்சஃபிஷியன்ஸி. இதே நோய்தான், வேற பேரு. இன்காம்பிடென்ஸ்னு எழுதறவங்களும் உண்டு. மூடற வேலைக்கு வால்வு பத்தலை, மூடற வேலைக்கு அதுக்குத் தகுதியில்ல, அப்படிச் சொல்ற மாதிரி. மூணு பேரு பாத்து மூணு விதமா எழுதினா மூணு நோய்னு பயந்துராதீங்க."

அதுவரை பேசாமல் இருந்த என் கணவர் அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "மேடம், கெணத்து மோட்டருக்கு ஃபுட்வால்வு போனாப்லங்களா? மோட்டர நிறுத்துன ஒடனே கொழாயில நிக்கோணும்ங்கற தண்ணி பூராவும் திரும்பக் கெணத்துக்கே எறங்கிருமுங்க."

"அதேதான்" என்றார் டாக்டர். "ஆனா உங்க மோட்டரை நாளைக்கு ரெண்டு தடவை நிறுத்துவீங்க. இது ஒவ்வொரு துடிப்புக்கும் நின்னு நின்னு ஓடுது. வெளிய தள்ளினதுல பாதி உள்ளயே திரும்பி வருது. அடுத்த துடிப்புல அதையும் சேத்துத் தள்ளணும். தள்ளித் தள்ளி இதயம் பெருத்துக்கிட்டே போகுது. ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் வால்வை மாத்தினாலும் பழையபடி வராது. அந்த அளவுக்குப் பக்கத்துல வந்துட்டீங்க."

 என் கணவரின் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தலை ஆடுறது எவ்வளவு நாளா?" என்றார் டாக்டர்.

"அது அவன் பழக்கமுங்க" என்றார் மச்சாண்டார்.

"பழக்கம் இல்லீங்க. ஒவ்வொரு அடியும் அவ்வளவு பலமா விழுது. அதோட அடையாளம்."

பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். அது துடிப்பை மெதுவாக்குகிற மாத்திரையாம். இரண்டு துடிப்புக்கு நடுவே நேரம் அதிகமானால் ரத்தம் திரும்பி வரவும் நேரம் அதிகம். மருந்துக்கடைச் சிநேகிதர் இத்தனை நாளாகக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. மச்சாண்டார் சுவரில் இருந்த காலண்டரை வாசிக்கத் தொடங்கினார்.

கடைசியில் டாக்டர் ஒன்று சொன்னார். அந்த வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும், இவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரும். பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

"எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காதுங்க மேடம். நான் கல்லாட்டம் இருக்கறனுங்க" என்றார் மச்சாண்டார்.

திரும்பும்போது அவினாசி வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அவர் அருகில் நான் அனுபவித்த நீளமான அமைதி அதுதான். பிறகு, வண்டியை ஓட்டிக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். "அம்மணி, இதப் பத்தி வெளிய மூச்சு விட்டுராத. பாப்பாவுக்குத் தாராபுரத்துல பேசிட்டிருக்கறோம். குடும்பத்துல ஹார்ட்டு நோய், அதுவும் பொறப்புலயே வர்றதுன்னு தெரிஞ்சா, பொண்ணு வேண்டாம்பாங்க. எதுக்களிப்புன்னே இருக்கட்டும். கல்யாணம் முடியட்டும், ஆபரேசன அப்பறம் பாத்துக்கலாம்." பாப்பா என்று அவர் சொன்னது தன் மகளை.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அகராதியைப் பார்த்த முதல் நாளே இவருக்கு எல்லாம் புரிந்திருக்குமோ? இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. முட்டாள்தனத்தை மன்னிக்கலாமா, கெட்டிக்காரத்தனத்தை மன்னிக்கலாமா என்று கேட்டால், முட்டாள்தனமே தேவலை என்பேன். ஆனால் அவரிடம் எது இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிங்ணா" என்றார் முன் சீட்டில் இருந்த என் கணவர்.

சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, அந்த நிமிஷம் அண்ணனைவிடத் தம்பி மேல்தான் எனக்கு இளக்காரம் அதிகமாக இருந்தது. உயிர் இவருடையது. இதயம் இவருடையது. அது எத்தனை நாள் பெருக்கலாம் என்று நாள் குறிப்பது அண்ணன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, அந்தம்மா சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா, இல்லீங்களா?"

"புரிஞ்சுது. ஃபுட்வால்வு."

"ஃபுட்வால்வு போன மோட்டர நீங்க கல்யாணம் முடியறவரைக்கும் ஓட்டுவீங்களா?"

 படியில் நிற்பதுபோலவே போனை எடுத்துப் பார்த்தார். பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கா அண்ணனுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத பயம்.

பாப்பாவின் நிச்சயதார்த்தம் தாராபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு மாடியில். நடுப்படியில் என் கணவர் நின்று வழக்கம்போலப் போனை எடுத்தார். இந்த முறை போனைப் பார்க்கவும் முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்துகொண்டிருந்தவர், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"என்னுங்க, ஒடம்புக்கு என்ன பண்ணுது? தலையெல்லாம் ஆடுதுங்களே?"

மேல் படியிலிருந்து மச்சாண்டார் குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, கொஞ்சம் எதுக்களிப்பு..."

"இல்லீங்க" என்றேன் நான். "ஹார்ட்டு வால்வு லீக்குங்க. பொறப்புலயே இருக்கற கோளாறு. ஆபரேசன் பண்ணோணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

படிக்கட்டில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். மச்சாண்டாரின் முகம் சாயம் போன துணிபோல ஆனது. நான் குனிந்து என் கணவரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நடப்பது நடக்கட்டும் என்று இருந்தது.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மொதல்ல அதப் பண்ணிக்கோங்க" என்றார். "நாளைக்குக் கல்யாணத்தன்னைக்கு இப்பிடி உக்காந்துட்டா வீடியோவுல நல்லாவா இருக்கும்? எங்க பெரியம்மாளுக்குக்கூட என்னமோ வால்வு மாத்துனாங்க, இப்ப நல்லா நடக்கறாங்க." பிறகு மச்சாண்டார் பக்கம் நிமிர்ந்து, "ஏனுங்க, கல்யாண மண்டபத்துல ஏசி டைனிங் ஹாலுக்கும் உண்டுங்களா, இல்ல மேடைக்கு மட்டுமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒரு மனிதனின் இதயத்தை ஊதிப் பெருக்கவிட்டு ஓமத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்து ரத்தத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. குளிர்சாதனம்தான் கவலை. சம்பந்தம் செய்துகொள்ள இரண்டு குடும்பங்களுக்கும் நல்ல பொருத்தம் என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே தீர்மானித்தேன்.

ஆபரேஷன் கல்யாணத்துக்கு முன்பே நடந்தது. மச்சாண்டார் மறுக்கவில்லை, சம்பந்தியே சொல்லிவிட்டாரே. உலோக வால்வா, திசு வால்வா என்று டாக்டர் விளக்கியபோது அவர் இடையில் புகுந்து, "எக்ஸ்போர்ட் குவாலிட்டிதானுங்களே?" என்று கேட்டார். என் கணவரின் வயதுக்கு உலோகம் நீடித்து உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். அதையே தேர்ந்தெடுத்தோம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மச்சாண்டார் முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு அயோட்டிக் ரிகர்ஜிடேஷன் என்றால் என்னவென்று சொல்லிக்கொண்டிருந்தார். "நெறைய பேரு இத எதுக்களிப்புன்னு தப்பா நெனச்சுக்குவாங்க. ஃபுட்வால்வு மாதிரிங்க இது..." நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் கணவர் பிழைத்து வந்தார். மெதுவாகத் தேறினார். நெஞ்சில் நீளத் தழும்பு, மாத்திரை டப்பா, அந்த மாத்திரைக்காகக் கீரையை அளவாகச் சாப்பிடும் கட்டுப்பாடு. தலை ஆடுவது நின்றுவிட்டது. மறுபடி வேலைக்குப் போன முதல் வாரம் அண்ணன் மீட்டிங் நடுவில், "ஏண்டா, எம்மேல கோவமா? தலையாட்டவே மாட்டீங்கற" என்று கேட்டாராம். "இல்லீங்ணா, செரிதானுங்ணா" என்று வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வால்வை மாற்றும் டாக்டர்கள் அதற்கு மேல் எதையும் மாற்றித் தருவதில்லை. ஆனால் படியை நிற்காமல் ஏறுகிறார். எனக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மகளுக்கு எக்கோ எடுத்தோம். திரையில் வால்வு திறந்து மூடுவதைக் காட்டி, "மூணு இதழும் இருக்கு, நல்லா மூடுது" என்றார் அதே லேடி டாக்டர். வெளியே வந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளுக்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

பாப்பாவின் கல்யாணத்துக்கு மறுவாரம், மச்சாண்டார் வீட்டில் மிஞ்சிய பலகாரங்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தோம், நானும் ஓரகத்தியும். அவர் வெளியூர் போயிருந்தார். ஓரகத்தி திடீரென்று சிரித்தார். என்னங்கக்கா என்றேன்.

"உங்க மாமா சேலம் போயிட்டு வந்தாரு தெரியுமா? ஆபரேசனுக்கு முன்னாலயே. திருப்பூர்ல, கோயம்புத்தூர்ல எடுத்தா ஆரு கண்ணுலயாவது படுமுன்னு, என்னையக் கூட்டீட்டு சேலம் போய் எக்கோ எடுத்துட்டு வந்தாரு."

"ஒண்ணுமில்லதானுங்களே?"

"ஒண்ணுமில்ல. ஆனா அம்மணி, அங்க படுத்துட்டு ஸ்கேன் எடுக்கற தம்பிகிட்ட ஒரே கேள்வி. 'மூணும் இருக்குதுங்களா, தம்பி? நல்லா எண்ணிப் பாருங்க, மூணும் இருக்குதுங்களா?' அந்தத் தம்பி இருக்குதுன்னு சொல்லச் சொல்ல மறுபடியும் கேக்கறாரு.  எந்திரிச்சு வந்து சட்டையப் போடத் தெரியல, நாந்தான் பட்டன் போட்டு உட்டேன்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். ஓரகத்திக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கும் அந்தக் காட்சி கண்முன் வந்தது: சட்டையில்லாமல், பெரிய வயிற்றோடு, முன்பின் தெரியாத ஊரில் ஒரு பையனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மனிதர். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான். பிறகு அதிரசத்தை எண்ணாமல் அள்ளி என் டப்பாவில் போட்டுக்கொண்டு, மூடியை அழுத்தி மூடினேன்.